துடுப்பு எங்கே இருக்க வேண்டும்?

வேகக் கார்களைப் பற்றி எழுதத் தமிழாசிரியனுக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்பதில் தவறில்லை. பதினெட்டு ஆண்டுகளாக நான் வகுப்பறையில் நடத்திவருவது இலக்கணமும் சங்கப் பாடல்களும். எந்திரவியலில் முறையான பயிற்சி எதுவும் எனக்கு இல்லை. ஆயினும் கியர் மாற்றுவது என்னும் ஒரு சிறு செயலைப் பற்றி நான் சிந்தித்த அளவுக்கு, அதை நாள்தோறும் செய்கிறவர்களில் பலர் சிந்தித்திருக்க மாட்டார்கள் என்று துணிந்து சொல்வேன். காரணத்தைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பொருளைச் சொல்லிவிடலாம். வேகக் கார்களில் ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பின்னால், இருபுறமும் விரலெட்டும் தொலைவில், இரண்டு தகடுகள் இருக்கும். வலப்புறத் தகட்டை விரலால் தன் பக்கம் இழுத்தால் கியர் ஒருபடி ஏறும். இடப்புறத் தகட்டை இழுத்தால் ஒருபடி இறங்கும். துடுப்புப் போன்ற வடிவம் கொண்டதால் ஆங்கிலத்தில் பேடில் ஷிஃப்டர் என்கிறார்கள். நான் இனித் துடுப்பு என்றே எழுதுகிறேன்.

இத்துடுப்புகளைப் பொருத்துவதில் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று, சக்கரத்தின் மீதே பொருத்துவது. சக்கரம் திரும்பும்போது துடுப்புகளும் கூடவே திரும்பும். மற்றொன்று, சக்கரத்தைத் தாங்கும் தண்டின் உறையில் பொருத்துவது. சக்கரம் எவ்வளவு சுழன்றாலும் துடுப்புகள் இருந்த இடத்தில் இருக்கும். இவற்றுள் எது சரி என்பதுதான் வழக்கு. இவ்வழக்கில் எனக்கும் என் பள்ளித் தோழனுக்கும் ஏறத்தாழப் பத்தாண்டுகளாக வாதம் நடந்தது. சென்ற ஆண்டு ஒரு மலைப்பாதையில் அது ஒரு முடிவுக்கு வந்தது. வந்த விதம் எனக்குப் பெருமை தருவதன்று. ஆனாலும் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

*

இரண்டு வயதில் இளம்பிள்ளைவாதம் என் இடக்காலைத் தாக்கியது. எங்கள் தலைமுறையில் ஊருக்கு இரண்டு மூன்று பேராவது அப்படி இருந்தோம். காலிபர் அணிந்து, வலக்கையில் ஊன்றுகோலோடு நடப்பேன். இதைப் பரிவு வேண்டிச் சொல்லவில்லை. கட்டுரைக்கு இது தேவையான செய்தி. ஏனெனில் காரில் இடக்காலுக்கென்று இருக்கும் ஒரே வேலை கிளட்சை மிதிப்பதுதான். அந்த ஒரு வேலைதான் என்னைப் பல ஆண்டுகள் ஓட்டுநர் இருக்கைக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தது.

என் தோழன் சிறுவயதில் என்னைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனவன். இன்று கோவையில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். நான் வேலையில் சேர்ந்த நாளில் வேடிக்கையாக ‘வாத்தியாரே’ என்று அழைத்தான், அதுவே நிலைத்துவிட்டது. கோவை மோட்டார் பந்தயத்துக்குப் பேர்போன ஊர். கரிவரதன் இந்தியப் பந்தயக் கார்களை வடிவமைத்த ஊர். அவர் பெயர் தாங்கிய பந்தயத் தடம் 2003ஆம் ஆண்டு முதல் செட்டிபாளையத்தில் இருக்கிறது. அங்கே பந்தயம் நடக்கும் நாள்களில் என்னை அழைத்துச் சென்று, நிழலாகப் பார்த்து உட்காரவைத்துவிட்டு, அவன் கார்களின் அடியில் புகுந்துகொள்வான்.

2005இல் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கினார். அப்போட்டியில் கார் ஓட்டிய முதல் இந்தியர், நம் கோவைக்காரர். அவ்வாண்டு முழுவதும் பந்தயங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். தோழன் பார்த்தது வேகத்தை. நான் பார்த்தது விரல்களை. ஓட்டுநரின் தலைக்கு மேலிருந்து காட்டும் படக்கருவியில் சக்கரத்தைப் பற்றிய இரு கைகளும் தெரியும். கியர் மாறும் ஒலி கேட்கும். கையோ சக்கரத்தை விட்டு அகலாது. விரல் நுனிகள் மட்டும் அசையும். அந்த இடக்கால் என்ன செய்கிறது என்று ஒருநாள் கேட்டேன்.

“பிரேக் மிதிக்குது வாத்தியாரே. கியர் மாத்தறதுக்குக் காலே வேண்டாம்” என்றான்.

அந்த விடையை நான் மறக்கவில்லை.

*

கால் வேண்டாத கியர் எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் ஜான் பார்னார்ட் என்னும் ஆங்கிலேய வடிவமைப்பாளர். ஃபெராரி அணிக்காக வேலை செய்தாலும் இத்தாலிக்குக் குடிபெயர மறுத்து இங்கிலாந்தின் கில்ஃபோர்டிலேயே அலுவலகம் அமைத்துக்கொண்டவர். கியர்க் கோல் இருந்தால் அது அசைவதற்கு இடம் வேண்டும். அதிலிருந்து பின்னால் உள்ள கியர்ப்பெட்டி வரைக்கும் தண்டு ஓட வேண்டும். அதற்காக ஓட்டுநர் அமரும் குழியை அகலமாக்க வேண்டும். கோலையே எடுத்துவிட்டால் காரின் உடலைக் குறுக்கலாம் என்று அவர் கருதினார். கோலுக்குப் பதிலாகச் சக்கரத்தின் பின்னால் இரு துடுப்புகள். அவை தரும் மின்சைகையைப் பெற்று, எண்ணெய் அழுத்தத்தால் கியரை மாற்றும் கருவி. ஓட்டத்தின் நடுவே கிளட்சை மிதிக்க வேண்டியதில்லை.

அந்த அமைப்போடு வந்த ஃபெராரி 640, 1989 மார்ச் 26 அன்று பிரேசிலின் ஜக்கரேபாகுவா தடத்தில் முதன்முறையாகப் பந்தயத்தில் ஓடியது. சோதனை ஓட்டங்களில் அடிக்கடி நின்றுபோன கார் அது. பந்தயத்தை முடிக்கும் என்று அணியினரே நம்பவில்லை. ஓட்டியவர் நைஜல் மான்செல். ஓட்டத்தின் நடுவே ஸ்டியரிங் சக்கரம் ஆட்டங்கண்டு, நிறுத்தி வேறு சக்கரம் மாட்ட வேண்டியதாயிற்று. அப்படியும் அவர் முதலாவதாக வந்தார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஏனைய அணிகளும் ஒவ்வொன்றாகக் கோலைக் கைவிட்டன.

இதில் எனக்கு நேரடித் தொடர்புள்ள ஒரு செய்தி உண்டு. 640இன் மின்னணுப் பகுதியில் ஃபெராரிக்குத் துணைநின்றது இத்தாலியின் மாக்னெட்டி மாரெல்லி நிறுவனம். 2014இல் மாருதி நிறுவனம் செலேரியோ என்னும் சிறிய காரை இந்தியாவில் வெளியிட்டது. அதில் சாதாரணக் கியர்ப்பெட்டிதான். ஆனால் கிளட்சை அழுத்தி விடுவதையும் கியரை மாற்றுவதையும் ஒரு கருவி தானே செய்துகொள்ளும். அக்கருவியைத் தந்ததும் மாரெல்லிதான். தானியங்கிக் கார் என்றாலே பெரும்பணம் என்றிருந்த நாட்டில், ஓர் ஆசிரியரின் சம்பளத்துக்குள் அடங்கும் கார் வந்தது. அடுத்த ஆண்டே வாங்கினேன்.

உடலைக் குறுக்க வேண்டும் என்று பார்னார்ட் எண்ணிய எண்ணம், கால் நூற்றாண்டு நடந்து வந்து, அவர் கண்டிராத ஒரு மனிதனை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தியது. கண்டுபிடிப்புகள் தம் நோக்கத்தைத் தாண்டிப் பயன்படுவதை நூல்களில் படித்திருக்கிறேன். என் காலால் அறிந்தது அப்போதுதான்.

*

என் காரில் துடுப்புகள் இல்லை. இல்லாததைப் பற்றித்தான் மனிதன் அதிகம் பேசுவான். வாதம் தொடங்கியது அப்போதுதான்.

துடுப்பு சக்கரத்தின் மீதுதான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு நான் இலக்கணத்தைத் துணைக்கு அழைத்தேன். “ஆசிரியர் மாணவரைத் தேடினார்” என்கிறோம். “மாணவரை ஆசிரியர் தேடினார்” என்று மாற்றிச் சொன்னாலும் பொருள் மாறுவதில்லை. தேடப்பட்டவர் யார் என்பதை ‘ஐ’ என்னும் உருபு காட்டிவிடுகிறது. உருபு சொல்லோடு ஒட்டிக்கொண்டு சொல் போகுமிடமெல்லாம் போகிறது. ஆங்கிலத்தில் அப்படியில்லை. அங்கே சொல் நிற்கும் இடம்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. இடம் மாறினால் தேடினவரும் தேடப்பட்டவரும் மாறிப்போவார்கள். சக்கரத்தின் மீதுள்ள துடுப்பு நம் வேற்றுமை உருபு போன்றது, கையோடு போகிறது. தண்டில் உள்ள துடுப்பு ஆங்கிலச் சொல்வரிசை போன்றது, இடத்தை நம்பியிருக்கிறது. ஆகவே முன்னதே மேலானது. இந்த வாதத்தை வகுப்பில்கூட ஒருமுறை சொல்லி, மாணவர்கள் சிரித்ததைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

தோழனின் விடை ஒரே வரி. “சுவத்துல இருக்கற சுவிட்சு நம்ம கூட நடந்து வருமா வாத்தியாரே? இருட்டுல லைட்டு போடோணும்னா அது எங்க இருக்குன்னு கைக்குத் தெரிஞ்சிருக்கோணும்.”

கார் உற்பத்தியாளர்களும் எங்களைப் போலவே இரண்டாகப் பிரிந்திருந்தார்கள். ஃபெராரி 1997இல் எஃப்355 காரில் முதன்முறையாகச் சாலைக்குத் துடுப்பைக் கொண்டுவந்தபோது தண்டில்தான் பொருத்தியது. பின்வந்த அதன் சாலைக் கார்களிலும் நீண்ட துடுப்புகள் தண்டிலேயே நின்றன. லம்போர்கினியும் அவ்வழி. பி.எம்.டபிள்யூ., ஆடி முதலிய ஜெர்மன் நிறுவனங்கள் சக்கரத்தின் மீது வைத்தன. போர்ஷே 2008இல் தன் இரட்டைக் கிளட்ச் கியர்ப்பெட்டியை 911 காரில் கொண்டுவந்தபோது துடுப்புக்குப் பதிலாகச் சக்கரத்தின் குறுக்குக் கைகளில் அழுத்துவான்களை வைத்தது. எப்பக்கத்தில் அழுத்தினாலும் ஏறும். பின்னாலிருந்து இழுத்தால் இறங்கும். பலருக்கு அது குழப்பமாக இருக்கவே, பின்னர் வழக்கமான துடுப்புகளையும் தந்தது. மெக்லாரன் 2011இல் வெளியிட்ட காரில் இரு துடுப்புகளையும் ஒரே தகடாக, நடுவில் அச்சு வைத்து, தராசுத் தட்டுப் போல அமைத்தது. வலப்பக்கத்தை இழுத்தாலும் இடப்பக்கத்தைத் தள்ளினாலும் கியர் ஏறும். ஒரு கையே இரண்டு வேலையையும் செய்யலாம்.

என் கட்சிக்குப் பெரிய வலுவாக அமைந்தது நிஸ்ஸான் ஜி.டி.ஆர். 2007இல் வந்தபோது அதன் துடுப்புகள் தண்டில் இருந்தன. 2017ஆம் ஆண்டு மாதிரியில் அவற்றைச் சக்கரத்துக்கு மாற்றினார்கள். வளைவின் நடுவே சக்கரத்தை விடாமல் கியர் மாற்றலாம் என்பது காரணம். அந்தச் செய்தியைத் தோழனுக்குப் படித்துக் காட்டினேன். “சப்பான்காரனே எங்கட்சிக்கு வந்துட்டான்” என்று அவனுடைய நடையிலேயே சொன்னேன். அவன் சிரித்தான், ஒப்புக்கொள்ளவில்லை.

தண்டுக் கட்சியினருக்கு ஒரு தொல்லையும் உண்டு. சக்கரத்துக்குப் பின்னால் உள்ள இடம் சிறிது. அங்கேதான் திருப்ப விளக்கின் கோலும் துடைப்பானின் கோலும் இருக்கின்றன. நீண்ட துடுப்பு அங்கே நின்றால் அவற்றை விரல் தேட வேண்டும். 2009இல் வந்த ஃபெராரி 458இல் திருப்ப விளக்கின் பொத்தான்களையே சக்கரத்தின் மீது ஏற்றிவிட்டார்கள். துடுப்பு அசையாமலிருக்க, விளக்கு இடம்பெயர்ந்தது. இதையும் என் வாதத்தில் சேர்த்துக்கொண்டேன். ஆண்டுகள் இப்படியே போயின.

*

நிற்க.

சென்ற ஆண்டு மாசி மாதம் தோழன் ஐரோப்பிய வேகக் கார் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கிச் செப்பனிட்டான். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்; நடந்தது என் பிழை. துடுப்புகள் சக்கரத்தின் மீது இருந்தன. “உங்கட்சி வண்டி வந்திருக்குது, வா” என்று அழைத்தான். பொள்ளாச்சி வழியாக ஆழியாறு வரை அவன் ஓட்டினான். அங்கிருந்து வால்பாறை வரை நான் ஓட்டுவதென்று பேச்சு.

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண்ணிட்ட பலகை உண்டு. என் சொந்தக் காரில் பலமுறை ஏறியிருக்கிறேன். அங்கே கியர் மாற்றும் கவலை காருடையது. அன்றுதான் முதன்முறையாக ஒவ்வொரு கியரையும் நான் கேட்டுப் பெற்றேன். அந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது? விரலை அசைத்தால் பொறியின் குரல் மாறுகிறது. முதுகு இருக்கையில் அழுந்துகிறது. நாற்பது வயதுக்கு மேல் ஒருவனுக்குக் கால் முளைத்தால் எப்படியிருக்கும்? அப்படி இருந்தது. ஒன்பதாம் வளைவில் நிறுத்தி, கீழே அணையின் நீர்ப்பரப்பைப் பார்த்தோம். “தோத்துட்டியா?” என்றேன். “இன்னும் முப்பத்தொண்ணு இருக்குது” என்றான்.

அதன்பின் சில வளைவுகள் கடந்து, இடப்புறம் திரும்பும் ஒரு வளைவு. உட்புறம் மிகச் செங்குத்து. இரண்டாம் கியரில் நுழைந்தேன். கையைச் சக்கரத்தில் நிலையாக வைத்துத் திருப்ப முடியாத வளைவு அது. கை மாற்றி மாற்றிப் பிடித்து இழுத்தேன். பாதி வளைவில் வண்டிக்கு வலு போதவில்லை என்று தெரிந்தது. முதல் கியர் வேண்டும். கியரை இறக்குவது இடத்துடுப்பு. என் இடக்கை இடப்புறத்தில் தட்டுப்பட்ட துடுப்பை இழுத்தது.

சக்கரம் அப்போது பாதிச் சுற்றுக்குமேல் திரும்பியிருந்தது. வலத்துடுப்பு மேலே ஏறி மறுபுறம் இறங்கி, இடத்துக்கு வந்திருந்தது. நான் இழுத்தது அதைத்தான். நான் கேட்க நினைத்தது இறக்கம், கேட்டது ஏற்றம். கியர்ப்பெட்டி சொன்னதைச் செய்தது. பொறியின் குரல் தாழ்ந்தது. வண்டி மூச்சுத் திணறுவதுபோல் அதிர்ந்து தளர்ந்தது. மீண்டும் இழுத்தேன், அதே துடுப்பை. அச்சத்தில் மனிதன் தவறைத்தான் இன்னும் உறுதியாகச் செய்வான் போலும்.

அந்நேரத்தில் மேலிருந்து அரசுப் பேருந்து ஒன்று வளைவுக்குள் அகலமாக இறங்கியது. பின்னால் ஒரு ஜீப் ஒட்டி வந்துகொண்டிருந்தது. தோழன் குரலை உயர்த்தவில்லை. “பிரேக் வாத்தியாரே” என்றான். வலக்கால் அதைச் செய்தது. நின்றோம். பேருந்தும் சற்று மேலே நின்றது. ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற முறைப்படி அதன் ஓட்டுநர் பொறுமையாகக் காத்திருந்தார். தோழன் கையை நீட்டிக் கியரைத் தானியங்கி நிலைக்கு மாற்றினான். மெல்ல ஏறி, அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டினோம். யாருக்கும் எதுவும் நேரவில்லை. என் கைகள் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தன.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் வேற்றுமையியலுக்கு அடுத்த இயல் வேற்றுமைமயங்கியல். ஓர் உருபு நிற்க வேண்டிய இடத்தில் வேறோர் உருபு வந்து நிற்பதைப் பற்றியும் அங்கே பேசப்படுகிறது. முதல் இயலைக் காட்டி வாதாடியவன் அடுத்த இயலை மறந்திருந்தேன்.

*

“வளைவுக்குள்ள போய் கியர் மாத்துனதுதான் தப்பு. முன்னாலயே இறக்கியிருக்கோணும்” என்றான் தோழன், தேநீர்க் கடையில். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னான். உண்மையும்கூட. நல்ல ஓட்டுநர் வளைவுக்கு முன்பே கியரை முடிவு செய்துவிடுவார். ஆனால் ஒரு கருவி நல்ல ஓட்டுநருக்கு நல்ல நேரத்தில் மட்டும் விளங்கினால் போதாது. பிழை நேர்ந்த பின், திருத்திக்கொள்ள வேண்டிய அந்த ஒரு நொடியிலும் அது விளங்க வேண்டும்.

அன்றிரவு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆல்ஃபா ரோமியோவின் ஜூலியா குவாட்ரிஃபோலியோ என்னும் வேகக் காரில் ஸ்டியரிங் விகிதம் 11.8க்கு 1. அதாவது கைச்சக்கரம் 11.8 பாகை திரும்பினால் முன்சக்கரம் 1 பாகை திரும்பும். சாலைக் கார்களில் இது மிக விரைவான திருப்பம். கையை மாற்றாமல் கால் சுற்று, அதாவது 90 பாகை திருப்பினால், முன்சக்கரம் ஏறத்தாழ 7.6 பாகை திரும்பும். வேகமான வளைவுகளுக்கு இது தாராளம். ஆனால் கொண்டை ஊசி வளைவில் முன்சக்கரம் 30 பாகை திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொண்டால், கைச்சக்கரம் 354 பாகை, ஏறக்குறைய ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். விகிதம் 16க்கு 1 என்றுள்ள காரில் 480 பாகை. ஒன்றேகால் சுற்றுக்கும் மேல். எந்த மனிதனும் கையை மாற்றாமல் அவ்வளவு திருப்ப முடியாது. அத்தனை விரைவான திருப்பம் கொண்ட ஜூலியாவிலும் துடுப்புகளை நீண்ட அலுமினியத் தகடுகளாகத் தண்டில்தான் நிறுத்தியிருக்கிறார்கள். காரணத்தை நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஃபார்முலா ஒன் காரின் நிலை வேறு. அதன் சக்கரத்தை ஓட்டுநர் எடுத்து வைத்த கையோடே பந்தயம் முழுவதும் திருப்புகிறார். மொனாக்கோ நகரத் தடத்தின் கொண்டை ஊசி வளைவுக்கு வழக்கமான திருப்பம் போதாது என்பதால், அணிகள் அந்தப் பந்தயத்துக்கென்றே முன்சக்கரங்கள் கூடுதலாகத் திரும்பும்படி அமைத்துக்கொண்டு வருகின்றன. அங்கும் ஓட்டுநரின் கைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போகுமே தவிர, சக்கரத்தை விடுவதில்லை. கை விடாதவரை வலக்கையின் துடுப்பு வலக்கையுடையதுதான். உருபு சொல்லை விட்டுப் பிரியவில்லை. என் இலக்கணம் அங்கே செல்லும். ஜி.டி.ஆர். காரை மாற்றியமைத்தவர்களும் அத்தகைய வளைவுகளைத்தான் எண்ணியிருக்க வேண்டும்.

ஆகவே இன்று என் முடிவு இது. கை சக்கரத்தை விட்டு அகலாத வண்டியில் துடுப்பு சக்கரத்தின் மீது இருக்கட்டும். கை இடம்மாற வேண்டிய வண்டியில், அதாவது சாலையில் ஓடும் எந்த வேகக் காரிலும், துடுப்பு தண்டில் அசையாமல் நிற்கட்டும். சக்கரம் சற்றுத் திரும்பியிருந்தாலும் விரலெட்டும்படி அது நீளமாக இருக்கட்டும். விளக்கின் கோலை மறைக்காத அளவுக்கு மேலெழுந்து நிற்கட்டும்.

*

இந்த முடிவுக்கு வர எனக்கு வால்பாறை தேவைப்பட்டிருக்கக் கூடாது என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

என் வகுப்பு கல்லூரியின் முதல் மாடியில். படிக்கட்டு நடுவில் ஒருமுறை திரும்பும். சமதளத்தில் என் ஊன்றுகோல் என்னோடு வருகிறது; அதைவிட நல்ல துணை இல்லை. ஆனால் படிக்கட்டின் திருப்பத்தில் ஊன்றுகோலை நம்பி ஒருமுறை விழுந்திருக்கிறேன். உடல் திரும்பும்போது கோலும் திரும்புகிறது. எது ஊன்றிய புள்ளி, எது ஊன்றப்போகும் புள்ளி என்று ஒரு கணம் தெரியாமல் போகிறது. அன்றிலிருந்து திருப்பம் வந்ததும் கோலை இடக்கைக்கு மாற்றிவிட்டு, வலக்கையால் சுவரோரக் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொள்வேன். நான் எப்படித் திரும்பினாலும் அது திரும்பாது. பல ஆண்டுகளாக நாளைக்கு நான்கு முறை அதைச் செய்துவருகிறேன். என் கைக்குத் தெரிந்திருந்தது. தொல்காப்பியம் படித்த தலைக்குத்தான் தெரியவில்லை.

கருவியை எங்கே வைப்பது என்ற வினா, கருவியைப் பற்றியது போலத் தோன்றினாலும் உண்மையில் உடலைப் பற்றியது. அலெக்ஸ் சனார்டி என்னும் இத்தாலிய ஓட்டுநர் 2001இல் ஜெர்மனியின் லௌசிட்ஸ்ரிங் தடத்தில் நேர்ந்த விபத்தில் இரு கால்களையும் இழந்தார். 2019இல் அமெரிக்காவின் டேடோனாவில் 24 மணிநேரப் பந்தயத்தில் பி.எம்.டபிள்யூ. காரை ஓட்டினார். முடுக்குவதற்குச் சக்கரத்திலேயே கருவி. பிரேக்குக்குக் கையால் அழுத்தும் நெம்புகோல். அதே காரை மற்ற ஓட்டுநர்களும் மாறி மாறி ஓட்ட வேண்டியிருந்ததால், அவருக்கெனத் தனிச் சக்கரம் செய்து, ஓட்டுநர் மாறும்போதெல்லாம் சக்கரத்தையும் மாற்றினார்கள். அவர் உடல் எங்கே இருக்கிறதோ அங்கே காரைக் கொண்டுவந்தார்கள். பொறியாளர்களுக்கு அது முடியாத காரியமாக இருக்கவில்லை.

வால்பாறையிலிருந்து திரும்பிய மறுவாரம் தோல்வியை ஒப்புக்கொள்ளத் தோழனின் பட்டறைக்குப் போனேன். அவன் வாதத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மேசைமேல் அட்டையில் வெட்டிய இரண்டு துடுப்பு வடிவங்கள் கிடந்தன. “உக்காரு” என்று என்னைக் காரில் உட்காரவைத்தான். சக்கரத்தைக் கால் சுற்றுத் திருப்பி, என் ஆள்காட்டி விரல் எதுவரை எட்டுகிறது என்று அட்டையில் பென்சிலால் குறித்தான். பிறகு மறுபக்கம் திருப்பி இன்னொரு குறி. தண்டின் உறையில் பொருத்தி, பழைய துடுப்பின் மின்கம்பிகளையே இவற்றுக்குக் கொடுத்துவிடலாம் என்றான்.

“உன் வண்டிக்கு என் விரலை எதுக்கு அளக்கற?” என்று கேட்டேன்.

“மலையேறும்போது நீதானே ஓட்டப்போற” என்றான்.

அலுமினியத் தகடு வாங்கியாயிற்று. இன்னும் வெட்டவில்லை.